ஐந்தாம் ரக்அத்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை அல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் போன் செய்தார்.

"ஒற்றுமைச் சிறப்பிதழ் போடுறோம். முஸ்லிம்களுக்குள்ள இருக்கிற கருத்து வேறுபாட்டப் பத்தி ஒரு கதை குடு. ஆனா யாரு மனசும் புண்படக் கூடாது. சர்ச்சை வேண்டாம். கடைசியில எல்லாரும் ஒண்ணு சேர்ந்துடணும்."

"கருத்து வேறுபாட்டப் பத்தின கதை. ஆனா அதுல கருத்து வேறுபாடு இருக்கக் கூடாது. அப்படித்தானே?"

"அதேதான். உனக்குச் சொல்லவா வேணும்?"

வேண்டியதில்லைதான். இந்த மாதிரிக் கதைகள் எனக்கு நன்றாக வரும். தன்னடக்கத்துக்காகப் பொய் சொல்லும் பழக்கம் என்னிடம் இல்லை. அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன்:

'பள்ளிவாசல் மினாராவின் மேல் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று கிழக்கே பார்த்தது, மற்றொன்று—'

அடித்துவிட்டேன். புறா என்ன பாவம் செய்தது?

'கருத்து வேறுபாடு நமக்குப் புதிதல்ல. மத்ஹபுகள் என்னும் வழிமுறைகளின் இமாம்கள் ஒருவரோடொருவர் வேறுபட்டபோதும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள் என்பதை நாம் இந்த இடத்தில்—'

இது வெள்ளிக்கிழமைப் பிரசங்கம். இரண்டாவது வரியில் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். உங்களுக்கு முன்னால் நான் புரட்டிவிடுவேன்.

'பணிமனையின் தொழுகை அறையில் கால் சண்டை வந்தது.'

இது நிற்கும். இதிலிருந்து போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். நடுநடுவே நிறுத்தி இது தப்பு, அது தப்பு என்று என்னைத் திருத்த வராதீர்கள். எனக்கு ஓட்டம் கெட்டுவிடும். எதுவாக இருந்தாலும் முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம். சம்மதம்தானே?

2

பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனை அது. மேலே பேருந்தை நிறுத்தி, ஆள் கீழே இறங்கி வேலை பார்க்கும் நீளமான குழிகள். எங்கே கை வைத்தாலும் கிரீஸ். பின்பக்கம் பழைய டயர் அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, கழுவி, பாய் விரித்து, தொழுகைக்குக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு கழுவியும் ரப்பர் வாடை மட்டும் போகவில்லை.

நம்முடைய ஆள் பிரேக் ஃபிட்டர். பணிமனையில் அவரை 'ஆட்சேபணை' என்பார்கள். எதைச் சொன்னாலும் முதலில் ஒரு ஆட்சேபணையைப் போட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். "இன்னைக்கு என்ன வெயில்!" என்றால்கூட "நேத்து இதவிட அதிகம்" என்பார். மூடுதிரை இல்லாத மனிதர். மனதில் பட்டதை வாயில் வைத்திருப்பார்.

முன்னால் நின்று தொழவைப்பவர் எலக்ட்ரிஷியன். ஆட்சேபணையின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன், அதாவது ஆட்சேபணைக்கு மச்சான். கதை முழுக்க அவரை மச்சான் என்றே சொல்கிறேன். உங்களுக்கும் அவர் உறவாகிவிடட்டும். நிதானமானவர். ஒரு ஒயரைத் தேடி ஒரு பேருந்தையே பிரித்துப் போட்டாலும் குரல் உயராது.

இருவரும் தொழும் விதம் வேறு வேறு. ஆட்சேபணை கையை நெஞ்சின் மேல் கட்டுவார், மச்சான் தொப்புளுக்குக் கீழே. ருகூவுக்குக் குனியும்போதும் நிமிரும்போதும் ஆட்சேபணை கைகளை உயர்த்துவார், மச்சான் உயர்த்த மாட்டார். கடைசியில் உட்காரும் இருப்பில் ஆட்சேபணையின் ஆள்காட்டி விரல் அசைந்துகொண்டே இருக்கும். மச்சானின் விரல் ஒரு தடவை எழுந்து அடங்கிவிடும். இரண்டுக்கும் மார்க்க நூல்களான கிதாபுகளில் ஆதாரம் உண்டு. அந்தக் கிதாபுகளை எழுதியவர்கள் இவர்கள் அளவுக்குக் கோபப்பட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சண்டை கையால் வரவில்லை, விரலால் வரவில்லை. காலால் வந்தது. வரிசையில் நிற்கும்போது பக்கத்து ஆளின் காலோடு கால் ஒட்ட வேண்டும் என்பது ஆட்சேபணையின் கட்சி. தோள் ஒட்டினால் போதும், காலை விடு என்பது பேருந்துகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டரின் கட்சி. பெயிண்டர் மச்சானின் வழியில் தொழுபவர். அவர் பக்கத்தில் நிற்கும் ஆட்சேபணை காலை நகர்த்தி ஒட்டுவார். பெயிண்டர் விலகுவார். இவர் விடாமல் ஒட்டுவார். அவர் இன்னும் கொஞ்சம் விலகுவார். தொழுகை முடிவதற்குள் வரிசை முழுக்கச் சுவரோரம் போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு பெயிண்டர் வெடித்தார்.

"என் காலு என்ன, உங்களுக்கு ஆக்சிலரேட்டரா? மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க!"

"மிதிக்கல, ஒட்டினேன். ஒட்டணும்னு இருக்கு."

"எங்க கிதாபுல இல்ல."

"அப்ப உங்க கிதாபத்தான் மாத்தணும்."

மச்சான் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "மாப்ள, நீ தொழ வர்றியா, தப்புக் கண்டுபிடிக்க வர்றியா?"

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். ஆட்சேபணைக்கு முகம் சுண்டிப்போனது. "இனிமே உங்க பின்னாடி நிக்கிறதா இல்ல மச்சான்" என்று எழுந்து போனார். அவரோடு பாதிப் பேர் எழுந்தார்கள்.

அன்றிலிருந்து அந்தச் சின்ன அறையில் இரண்டு ஜமாஅத், இரண்டு கூட்டுத் தொழுகை. ஒரு கூட்டம் உள்ளே தொழும்போது இன்னொரு கூட்டம் தொழுகைக்காகக் கழுவிய ஈரக் காலோடு வெளியே நிற்கும். இரண்டு வீடுகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஆட்சேபணையின் மனைவி பக்கத்துத் தெருவில் இருக்கும் சொந்த அண்ணன் வீட்டுக்குப் போகாமல் இருந்தாள். போ என்றும் அவர் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கடைசியில் மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "இடைவேளை ஒண்ணுதான். ரெண்டு ஷோ ஓட்ட இது தியேட்டர் இல்ல. சேர்ந்து தொழுறதுன்னா தொழுங்க. இல்லேன்னா டயரத் திரும்ப உள்ள அடுக்கிடுவேன்."

(மேலாளர் எந்த மதம் என்று பத்திரிகை நண்பர் கவலையோடு கேட்டார். நேர விஷயத்தில் கண்டிப்பான மதம் என்றேன்.)

3

ஸ்டோர் கீப்பர் நடுவில் வந்தார். போல்ட் நட்டு முதல் பேருந்துக் கண்ணாடி வரை எடுத்துக்கொடுப்பவர். எல்லோரோடும் பழக்கம், யாரோடும் பகை இல்லை. உருண்டையான ஆள், உருண்டையான பேச்சு. இரண்டு தரப்பையும் டீக்கு உட்காரவைத்து ஒப்பந்தம் பேசினார்.

"ஒரே ஜமாஅத்து. எலக்ட்ரிஷியன் அண்ணன்தான் இமாம். கைய எங்க வேணா கட்டுங்க, விரல எப்படி வேணா ஆட்டுங்க. அவங்கவங்க வழி அவங்கவங்களுக்கு. ஆனா ஒண்ணு. தொழுகையில யாரு என்ன செஞ்சாலும் அடுத்தவன் வாயத் தெறக்கக் கூடாது. உள்ளயும் சரி, வெளியிலயும் சரி. ஒத்துக்கிறீங்களா?"

ஒத்துக்கொண்டார்கள். ஆட்சேபணைகூட ஆட்சேபணை இல்லாமல் ஒத்துக்கொண்டார். கை குலுக்கினார்கள். மச்சான் எழுந்து வந்து தங்கை கணவரைக் கட்டிப்பிடித்தார்.

அந்த வாரமே ஆட்சேபணையின் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பகல் முழுக்க இருந்துவிட்டு வந்தாள். முகமே மாறியிருந்தது. "நீங்க ஒரு நாள் வாய மூடினதுக்கே இவ்வளவு நல்லது நடக்குதுன்னா, கல்யாணத்தன்னைக்கே மூடியிருக்கலாம்" என்றாள். அவர் சிரித்தார். அவருக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இதுவரை எழுதியதைப் பத்திரிகை நண்பருக்குப் படித்துக் காட்டினேன்.

"அபாரம்! இதோட முடிச்சிடு. கட்டிப்பிடிச்ச இடத்துல நிறுத்து."

நிறுத்தியிருக்கலாம். சிறப்பிதழில் வந்திருக்கும், நாலு பேர் பாராட்டியிருப்பார்கள். ஆனால் கதை அந்த டீக்கடை மேசையில்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நிறுத்துகிற ஆள் நான் இல்லை.

* அடிக்குறிப்பு போல ஒன்று. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தொழவைக்கும் இமாம் மறந்து தவறு செய்தால், பின்னால் நிற்கிற ஆண் 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லி உணர்த்த வேண்டும். 'நீ தப்புச் செய்கிறாய்' என்று சொல்வதில்லை. 'அல்லாஹ் தூய்மையானவன்' என்று சொல்கிறோம். குறையில்லாதவன் அவன் ஒருவன்தான், நமக்கெல்லாம் மறதி உண்டு என்று அதில் நான் கேட்டுக்கொள்வேன். அதைக் கேட்டு இமாம் திருத்திக்கொள்வார். கையிலும் விரலிலும் காலிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட இதில் ஒத்துப்போகிறார்கள். ஒற்றுமைக்காகப் போட்ட ஒப்பந்தத்தில் இவர்கள் முதலில் விட்டுக்கொடுத்தது எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்த இந்த ஒன்றைத்தான். டீ குடிக்கிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

4

முதல் தவறு சின்னது. நாலு ரக்அத், அதாவது நின்று குனிந்து நெற்றி வைத்து எழும் நாலு சுற்று உள்ள தொழுகையில், இரண்டாவது முடிந்ததும் உட்காரும் ஓர் இருப்பு உண்டு. ஒரு நாள் மதியத் தொழுகையான லுஹரில் மச்சான் அதில் உட்காராமல் நேரே எழுந்துவிட்டார். பின்னால் எல்லோரும் எழுந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஆட்சேபணையின் பக்கத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்: அவங்க கிதாபுல அப்படியும் இருக்கும் போல. பெயிண்டரின் பக்கத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்: அண்ணன் விட்டுக்கொடுத்து இன்னைக்கு அவங்க முறையில தொழவச்சாரு போல. இரண்டு தரப்பும் அடுத்தவர்களின் அறிவீனத்தைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அடுத்த தவறு அப்படி மன்னிக்க முடியாதது. ஒவ்வொரு ரக்அத்திலும் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தா இரண்டு. மூன்றாவது ரக்அத்தில் மச்சான் ஒரு ஸஜ்தா செய்துவிட்டு எழுந்துவிட்டார். இது எந்தத் தரப்பின் எந்தக் கிதாபிலும் இல்லை. அது இல்லாமல் தொழுகையே இல்லை.

ஆட்சேபணையின் நாக்கு தானாக எழுந்தது. பல்லைக் கடித்து அடக்கினார். சொன்ன சொல் நினைவுக்கு வந்தது, மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த நிமிடம் தன்னைவிடப் பொறுமைசாலி உலகத்தில் இல்லை என்றுகூட அவருக்குத் தோன்றியது.

தொழுகை முடிந்தது. செல்லாத தொழுகையைத் திரும்பத் தொழுதாக வேண்டுமே? எல்லோரும் கலையட்டும் என்று காத்திருந்து, விபத்தில் அடிபட்டுப் பின்வாசலில் நிறுத்தியிருந்த பேருந்துக்குப் பின்னால் போனார். அங்கே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, பெயிண்டர் ஸஜ்தாவில் இருந்தார்.

இவர் நின்றார். அவர் முடித்து, சலாம் கொடுக்கத் தலையைத் திருப்பியவர் இவரைக் கண்டார்.

"என்ன, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். நீங்க?"

"நானும் சும்மாதான். உபரியா சுன்னத்துத் தொழுதேன்."

"ஓ, சுன்னத்தா? நானும் சுன்னத்துத் தொழலாம்னுதான்..."

"தொழுங்க தொழுங்க. அட்டை இருக்கு பாருங்க, எடுக்காமப் போறேன்."

அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒரே கருத்துக் கொண்டிருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இல்லை. இருவரும் தங்கள் தொழுகையைச் சரிசெய்துகொண்டார்கள். உள்ளே மச்சான், நன்றாகத் தொழவைத்த திருப்தியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

6

பிரேக் வேலையில் ஒரு நடைமுறை உண்டு. பிரேக் போட்டவர் அதைச் சோதிக்கக் கூடாது, வேறு ஆள்தான் சோதிக்க வேண்டும். போட்ட கைக்குத் தன் தப்பு தெரியாது. இதில் யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. ஆட்சேபணையின் வேலையை வேறொருவர் பார்ப்பார், மச்சான் கொடுத்த பிரேக் விளக்கு இணைப்பை ஆட்சேபணை பார்ப்பார்.

ஒரு நாள் மச்சான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதித்தார். ஆட்சேபணை பின்னால் நின்று பார்த்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை. இடதுபக்க மஞ்சள் விளக்கு கண்ணடித்தது.

"மச்சான்! பிரேக்க மிதிச்சா இன்டிகேட்டர் எரியுது!"

மச்சான் இறங்கி வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர், வேறு யாரோ செய்த வேலையைப் பார்ப்பது போலக் கேட்டார்: "இத எதுக்கு இங்க குடுத்தேன்?"

"மறந்திருப்பீங்க."

"நல்ல வேள நீ பாத்த மாப்ள. இருட்டுல பின்னாடி வர்றவன் என்னன்னு நினைப்பான்?" சிரித்தபடி அவர் தோளில் தட்டிவிட்டு, ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார்.

ஆட்சேபணை அங்கேயே நின்றார். இங்கே தப்பைச் சொன்னேன், தோளில் தட்டுகிறார். அங்கே அதே ஆள், அதே நான், வாயில் பூட்டு. ஒரு பேருந்துக்குக் கொடுக்கிற மரியாதையை இந்த மனுஷனுக்குக் கொடுக்கவில்லையே என்று நினைத்தார். அந்த நினைப்போடு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் இன்னைக்கு ரெண்டு தடவ போன் பண்ணாரு. ரெண்டு தடவையும் ஒரே விஷயம். மொத தடவ சொல்ற மாதிரியே சொன்னாரு."

"ஏற்கெனவே சொல்லியாச்சுன்னு நீ சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? இப்பத்தான் போனே பண்றாரு. ரெண்டு தடவ பண்ணா எனக்கு நல்லதுதானே."

"இல்ல, தொழுகையிலயும் அவரு—"

"வேணாம்!" அவள் குரல் உயர்ந்தது. "அல்லாவுக்காக வேணாம். ஆரம்பிக்காதீங்க. இப்பத்தான் எனக்கு அண்ணன் திரும்பக் கெடச்சிருக்காரு."

அவள் மடித்து முடித்த சட்டையைப் பிரித்து, மறுபடி மடித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

7

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரைச் சொல்லவைப்பது?

ஆட்சேபணையைச் சொல்லவைத்தால், அவர்தான் எதையும் சொல்லுவாரே, இதில் என்ன கதை என்பீர்கள். பெயிண்டரைச் சொல்லவைத்துப் பார்த்தேன்: 'பெயிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோரும் ஆச்சரியப்படும்படி—' வேண்டாம். அவருக்கு இதில் இழக்க ஒன்றும் இல்லை. இழக்க இருப்பவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் 'பழையபடி ஆரம்பிச்சிட்டான்' என்று எல்லோரும் சொல்வார்கள். மனைவிக்கு அண்ணன் போய்விடுவார். அறையில் டயர் வந்துவிடும். சொல்லாவிட்டால் மச்சான் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விட்டு நழுவிக்கொண்டிருப்பார், பின்னால் ஒரு வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டே நிற்கும். ஆகவே ஆட்சேபணைதான். என் முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிற்பகல் அஸர் தொழுகை, அதில் மொத்தம் நாலே ரக்அத். நாலாவது ரக்அத்தின் ஸஜ்தாக்கள் முடிந்தன. இனிக் கடைசி இருப்பு. எல்லோரும் உட்காரப் போகிறார்கள். மச்சான் 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லிக்கொண்டு எழுகிறார். ஐந்தாவதற்கு.

வரிசை தயங்கியது. சிலர் உட்கார்ந்தார்கள், சிலர் அரைகுறையாக எழுந்தார்கள். வாய் திறக்க யாரும் இல்லை.

அடுத்தவர் தப்பைச் சொல்வதில் ஆட்சேபணைக்கு எப்போதும் ஒரு ருசி இருந்தது. அதை அவரே மறுக்க மாட்டார். இன்று அந்த ருசி இல்லை. நாக்கு வறண்டு கிடந்தது. முன்னால் எழுந்துகொண்டிருப்பது இமாம் அல்ல, எதிர்க்கட்சி அல்ல. மச்சான். கையில் ஒயரோடு 'இத எதுக்கு இங்க குடுத்தேன்' என்று கேட்ட மச்சான்.

"சுப்ஹானல்லாஹ்."

அது அவர் குரல் மாதிரியே இல்லை. கெஞ்சுவது போல இருந்தது. மச்சானின் கை முழங்காலில் ஊன்றியபடி நின்றது. அவருக்குப் புரியவில்லை. மறுபடி எழப் பார்த்தார்.

"சுப்ஹானல்லாஹ்." இது பெயிண்டர்.

"சுப்ஹானல்லாஹ்!" இதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக வந்தது. ஒப்பந்தம் போட்ட ஸ்டோர் கீப்பர்.

மச்சான் உட்கார்ந்தார்.

மறதிக்காக முடிவில் இரண்டு ஸஜ்தா உண்டு. சலாமுக்கு முன்பா, ஒரு பக்கம் சலாம் கொடுத்த பின்பா என்பதில் இரண்டு தரப்புக்கும் வேறு கருத்து. மச்சான் தன் வழியில் ஒரு பக்கம் சலாம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். எல்லோரும் அவரோடு குனிந்தார்கள். எந்த வழி என்று அன்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆட்சேபணையின் கால் பெயிண்டரின் காலில் பட்டிருந்தது. யார் ஒட்டியது என்று எனக்கும் தெரியாது.

(கால் பட்டதைப் பத்திரிகை நண்பருக்காகச் சேர்த்தேன். சேர்த்த பிறகு எடுக்க மனம் வரவில்லை.)

8

சலாம் கொடுத்துவிட்டு மச்சான் திரும்பி உட்கார்ந்தார். வரிசையைப் பார்த்தார். மூன்று குரல்கள் அடுத்தடுத்து வந்ததை அவர் கவனித்திருந்தார். அப்படி அடுத்தடுத்து வர வேண்டுமென்றால் அவை ரொம்ப நாளாகக் காத்திருந்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. எலக்ட்ரிஷியன் அல்லவா. எங்கே அறுந்தது என்று தேடத் தெரிந்தவர்.

"எத்தன நாளா?" என்று கேட்டார்.

கோபம் இல்லை. பயம் இருந்தது.

இனி முடிவு. கையில் இரண்டு இருக்கின்றன, காட்டுகிறேன்.

முதல் முடிவு பத்திரிகைக்கு. 'இன்னைக்குத்தான் மச்சான், மனுஷன்னா மறதி வராதா' என்கிறார் ஆட்சேபணை. எல்லோரும் சிரிக்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். ஆனால் அடுத்த வாரம் தங்கை வற்புறுத்தி அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போவாள். டாக்டரும் முதலில் அதையேதான் கேட்பார்: எத்தனை நாளா? 'இன்னைக்குத்தான்' என்று கேட்டு வந்தவர் அதையே சொல்வார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். அதோடு அந்த ஒற்றுமை அவரைத் தனியாக விட்டுவிடும்.

இரண்டாவது முடிவில் ஆட்சேபணை எல்லாவற்றையும் சொல்கிறார். உட்காராத இருப்பு, குறைந்த ஸஜ்தா, பேருந்துக்குப் பின்னால் விரித்த அட்டை. மச்சான் கேட்கிறார், 'இவ்வளவு நாள் என் பின்னாடி நின்னு தொழாமத்தான் இருந்தீங்களா?' அதற்கு என்ன பதில் எழுதினாலும் எனக்கே பிடிக்கவில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்தேன். ஆனால் இந்த முடிவில் அவர் டாக்டரிடம் போகும்போது கையில் உண்மை இருக்கும். கூட வர ஆளும் இருக்கும்.

எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இன்னொருவர் இந்த வரிசையில் இருக்கிறார்.

ஐந்தாம் பகுதி எங்கே?

நான்குக்குப் பிறகு ஆறு எழுதினேன். அடித்துத் திருத்தவில்லை, மறைக்கவில்லை, தலைப்பாகவே போட்டேன். மச்சான் ஒன்றைக் கூட்டினார், நான் ஒன்றைக் குறைத்தேன். சிலர் கவனித்திருக்க மாட்டீர்கள், அதில் குற்றம் இல்லை. கவனித்தவர்கள் என்ன நினைத்தீர்கள்? இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்கள் இப்படித்தான், இதுவும் ஒரு பாணி போல என்றுதானே? அவங்க கிதாபுல அப்படியும் இருக்கும் போல. முதல் பகுதியிலேயே குறுக்கே பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன், நீங்களும் பெரிய மனதோடு சம்மதித்தீர்கள். நமக்குள் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

மச்சான் இன்னும் காத்திருக்கிறார். ஆட்சேபணை முழங்காலால் நகர்ந்து அவர் அருகே போய்விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்..." என்று ஆரம்பித்துவிட்டு, தொடர முடியாமல் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். பெயிண்டர் பாயைப் பார்க்கிறார். ஸ்டோர் கீப்பர் சுவரைப் பார்க்கிறார். மச்சானின் பார்வை ஒவ்வொரு முகமாகத் தாண்டி, வரிசையின் ஓரத்துக்கு வருகிறது. அங்கே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாலாம் பகுதியில் அந்த ஸஜ்தா விட்டுப்போனபோது நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

அவர் உங்களைத்தான் கேட்கிறார். எத்தனை நாளா?